சுற்றுச்சூழல் கொள்கையில் சமூக ஆய்வுக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூக ஆய்வு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மனிதர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள், ஒரு புதிய விதி வந்தால் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை முறைப்படி விசாரித்து அறிவது. கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போவது, நேர்காணல், குழு உரையாடல், ஓர் ஊரில் மாதக்கணக்கில் தங்கிக் கவனிப்பது, மின்சாரக் கட்டணம் போன்ற பதிவுகளை அலசுவது, ஒரு பகுதியில் மட்டும் திட்டத்தை நடத்தி மற்றதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாமே இதில் சேரும்.

சமூகவியல், பொருளாதாரம், உளவியல், மானுடவியல் என்று பல துறைக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். அவர்களுக்குள் சண்டையும் உண்டு. பொருளாதாரம் படித்தவர் விலையைப் பார்ப்பார், மானுடவியல் படித்தவர் பழக்கத்தைப் பார்ப்பார். இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கும் அமைச்சகங்கள் குறைவு.

காற்று மாசு, நீர் மாசு எல்லாம் அறிவியல் விஷயம். இதில் சமூக ஆய்வாளர் எங்கே வருகிறார்?

காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை வேதியியல் சொல்லிவிடும். அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் கார், அடுப்பு, ஆலை, வயல் என்று நகர்ந்து கடைசியில் ஒரு மனிதரிடம் போய் நிற்கும். கொள்கை மாற்ற நினைப்பது அந்த மனிதர் செய்யும் ஒரு காரியத்தை. அவரைப் பற்றித் தெரியாமல் போடும் கணக்கு என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ நகரத்தை எல்லோரும் காட்டுவார்கள்.

1989 நவம்பரில் அங்கே ஒரு விதி வந்தது. நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பொறுத்து, ஒவ்வொரு காரும் வாரத்தில் ஒரு வேலைநாள் சாலைக்கு வரக்கூடாது. ஐந்தில் ஒரு பங்கு கார் குறைந்தால் புகையும் அந்த அளவுக்குக் குறையவேண்டும். கணக்கில் பிழையில்லை. ஆனால் தினமும் காரில் வேலைக்குப் போகிறவர் அந்த ஒரு நாள் என்ன செய்வார் என்பது கணக்கில் இல்லை. பலர் வேறு எண்ணில் முடியும் இன்னொரு காரை, பெரும்பாலும் பழைய காரை, வாங்கிவிட்டார்கள். பொருளாதார ஆய்வாளர் லூகாஸ் டேவிஸ் காற்றுத்தர அளவீடுகளையும் வாகனப் பதிவுகளையும் வைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், காற்று மேம்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை. வண்டிகள் கூடியிருந்தன. பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் கூட்டம் கூடவில்லை.

கொஞ்சம் பேரை முன்கூட்டியே உட்காரவைத்து, "உங்கள் காரை எடுக்க முடியாத நாளில் எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டிருந்தால் இதில் பாதியாவது தெரிந்திருக்கும்.

மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினால் போதாதா?

எல்லா நாட்டிலும் அரசுத் துறைகள் முதலில் கைவைப்பது இதில்தான். போஸ்டர், குறும்படம், மாணவர் ஊர்வலம். செலவு குறைவு, யாருக்கும் கோபம் வராது, ஆண்டறிக்கையில் போட எண்ணிக்கையும் கிடைக்கும். இதற்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: தெரியாததால்தான் செய்யாமல் இருக்கிறார்கள், தெரிந்தால் செய்துவிடுவார்கள். பல இடங்களில் இது பொய். குப்பையைப் பிரித்துப் போடவேண்டும் என்று தெரியாத ஆள் இன்று குறைவு. பிரித்துக் கொடுத்த குப்பையை வண்டிக்காரர் ஒன்றாகக் கொட்டி எடுத்துப் போவதைப் பார்த்தவர் மறுநாள் ஏன் பிரிக்கவேண்டும்? அவருக்குக் குறைவது விழிப்புணர்வு இல்லை.

தகவல் வேலை செய்யும் இடங்களும் உண்டு. ஆனால் அங்கேயும் எப்படிச் சொல்கிறோம் என்பதில் வில்லங்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் சில நூறு வீடுகளின் கதவில் ஆய்வாளர்கள் சீட்டு மாட்டினார்கள். உங்கள் வீட்டில் இவ்வளவு மின்சாரம் செலவாகிறது, அக்கம்பக்கத்தில் சராசரி இவ்வளவு என்று அதில் இருந்தது. சராசரிக்கு மேலே இருந்த வீடுகள் குறைத்தன. கீழே இருந்த வீடுகளோ, நாம்தான் அநியாயத்துக்குச் சிக்கனமாக இருக்கிறோம் போல என்று செலவைக் கூட்டிவிட்டன! குறைவாகச் செலவழித்த வேறு சில வீடுகளுக்கு அதே சீட்டில் ஒரு சிரித்த முகத்தையும் வரைந்து கொடுத்தார்கள். அங்கே அந்த ஏற்றம் வரவில்லை. 2007-இல் வெளியான இந்த ஆய்வை வைத்துத்தான் பின்னால் அமெரிக்க மின் நிறுவனங்கள் அக்கம்பக்கத்தோடு ஒப்பிடும் அறிக்கைகளை லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பின. சராசரிச் சேமிப்பு 2 சதவீதத்தை ஒட்டி வந்தது. வெறும் 2 சதவீதமா என்று உதட்டைப் பிதுக்கலாம். ஒரு தாளும் தபால் செலவும் போட்டதற்கு இது நல்ல வரவு. ஆனால் பருவநிலைக் கொள்கையையே இதன்மேல் கட்ட முடியாது, அதையும் அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

கொள்கை உருவாகும் எந்தக் கட்டத்தில் சமூக ஆய்வு வரவேண்டும்?

முதலில். பிரச்சினை என்ன என்று எழுதும்போதே.

வழக்கமாக நடப்பது வேறு. வரைவு தயாராகும், நிதி ஒதுக்கப்படும், அறிவிப்பு வரும், எதிர்ப்பும் கிளம்பும். அப்புறம்தான் "மக்களை ஏற்றுக்கொள்ள வைப்பது எப்படி?" என்று ஒரு டெண்டர் விடுவார்கள். அந்த நேரத்தில் வரும் ஆய்வாளர் போஸ்டரின் நிறத்தைத்தான் மாற்ற முடியும். சமூக ஆய்வு என்றாலே விளம்பரப் பிரிவின் வேலை என்ற எண்ணம் அதிகாரிகளிடம் வேரூன்றியதற்கு இந்தத் தாமதமே காரணம் என்பது என் கருத்து. கடைசியில் கூப்பிட்டால் கடைசி வேலையைத்தான் செய்ய முடியும்.

முதலிலேயே கேட்டால் கேள்வியே மாறும். விறகடுப்புப் புகையை எடுத்துக்கொள்வோம். எந்த அடுப்பு குறைவாகப் புகைவிடும் என்று கேட்டால் ஆய்வகம் பதில் சொல்லிவிடும். ஒடிசாவில் 44 கிராமங்களில் சுமார் 2,600 குடும்பங்களில் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் ஒன்றை ரீமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, பழுதானவை அப்படியே கிடந்தன. புகைபோக்கியை யார் துடைப்பது, விரிசல் விட்டால் யார் வந்து பூசுவது, ஒரே நேரத்தில் இரண்டு பாத்திரம் வைக்க வேண்டியவருக்கு இது தோதாக இருக்குமா? இவை ஆய்வகத்தில் எழாத கேள்விகள். வீட்டில் யாரைக் கேட்பது என்பதும் இதில் அடக்கம். குடும்பத் தலைவர் என்று ஆணிடம் கேட்டு நிரப்பிய படிவத்தில் அடுப்படிச் செய்தி வராது.

கருத்துக்கணிப்பு நடத்தினால் அதுவே சமூக ஆய்வு ஆகிவிடாதா?

கணிப்பு ஒரு கருவி. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

ஸ்டாக்ஹோமில் நெரிசல் கட்டணம் (நெரிசலைக் குறைக்க நகர எல்லையைத் தாண்டும் வண்டிகளிடம் வாங்குவது) கொண்டுவரப் போகிறார்கள் என்றதும் பெரும்பான்மை மக்கள் எதிர்த்தார்கள். கணிப்பை மட்டும் பார்த்திருந்தால் ஃபைலை மூடியிருக்கவேண்டியதுதான். நகரம் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக நடத்திப் பார்த்தது. கட்டண எல்லையைத் தாண்டும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. வித்தியாசத்தைச் சாலையில் கண்ணால் பார்த்த பிறகு, செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது, ஆதரவு அதன் பிறகும் ஏறியது. அனுபவிக்காத ஒன்றைப் பற்றிச் சொல்லும் கருத்து அனுபவத்துக்குப் பிறகு மாறும்.

அயர்லாந்து கணிப்பை வேறு மாதிரி பயன்படுத்தியது. பிளாஸ்டிக் பைக்கு வரி போடுமுன், ஒரு பைக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். சராசரி விடை 2.4 சென்ட். 2002 மார்ச் 4 அன்று வந்த வரி 15 சென்ட், அதாவது ஆறு மடங்குக்கும் மேல். மக்கள் தாராளமாகக் கொடுத்துவிடக்கூடிய விலை எது என்று தெரிந்துகொண்டு, அதற்கு வெகு மேலே வைத்தார்கள். பைப் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வரிப்பணம் சுற்றுச்சூழலுக்கான தனி நிதிக்குப் போகிறது என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டது, அதனால் எதிர்ப்பும் பெரிதாக எழவில்லை. மக்கள் சொன்ன எண்ணை அப்படியே வரியாக்கியிருந்தால் பையும் ஓடியிருக்கும், வரியும் ஓடியிருக்கும்.

காட்டுக்கும் கடலுக்கும் பணமதிப்பு போடுகிறார்களே, அதுவும் இதில் சேருமா?

சேரும். பெரிய சர்ச்சையும் அதில் உண்டு. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது, அந்தக் கடற்கரைக்கு ஒருநாளும் போகப்போகாத அமெரிக்கர்களுக்கும் ஓர் இழப்பு உண்டு என்று வாதிட அலாஸ்கா மாநிலம் ஆய்வு நடத்தியது. இன்னொரு விபத்தைத் தடுக்க உங்கள் குடும்பம் எவ்வளவு தரும் என்று கேட்டு நாடு முழுக்கக் கணக்கிட்டபோது 280 கோடி டாலர் வந்தது. இந்த முறையை நம்பலாமா என்று ஆராய கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரண்டு நோபல் பொருளாதார அறிஞர்கள் தலைமையில் அமெரிக்க அரசு அமைத்த குழு 1993-இல், கடும் நிபந்தனைகளோடு நம்பலாம் என்றது. வாயால் தருவதாகச் சொல்லும் பணம் வேறு, கையால் எடுத்துக் கொடுக்கும் பணம் வேறு என்ற சந்தேகம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், இழப்பீட்டு வழக்குக்கு இந்த எண் உதவும். எந்தக் காட்டை அழிக்கலாம் என்று முடிவுசெய்ய இதை மட்டும் நம்பக்கூடாது.

உள்ளூர் மக்கள் சொல்வதை எந்த அளவுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம்?

1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாதத் தொடக்கத்தில் அதன் கதிரியக்கத் தூசு மழையோடு சேர்ந்து வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளிலும் இறங்கியது. ஜூனில் பிரிட்டன் அரசு அங்கே ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை போட்டது. மூன்றே வாரம், புல்லிலிருந்து சீசியம் (அந்தத் தூசில் இருந்த கதிரியக்கப் பொருள்) போய்விடும் என்றார்கள். போகவில்லை. சில பண்ணைகளில் கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012-இல்.

என்ன நடந்தது என்றால், சீசியம் மண்ணில் பூட்டிக்கொள்ளும் என்ற கணிப்பு களிமண் நிலங்களில் எடுத்த அளவீடுகளிலிருந்து வந்தது. கம்ப்ரியா மலைமேல் இருப்பது அமிலத்தன்மை கொண்ட மட்கு மண். அங்கே சீசியம் வேருக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தது. விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி இந்த விவகாரத்தை ஆராய்ந்தவர் பிரையன் வின் என்ற சமூகவியலாளர். அவர் பதிவுசெய்த ஒரு சம்பவம் போதும். பென்டோனைட் என்ற களிமண் பொடியைத் தூவினால் ஆடு உட்கொள்ளும் சீசியம் குறையுமா என்று சோதிக்க, நிபுணர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக வேலியடைத்து ஒவ்வொன்றிலும் ஆடுகளை விட்டார்கள். மலையில் திறந்தவெளியில் மேய்ந்து பழகிய ஆடு, அடைத்தால் தேறாது, உங்கள் சோதனை வீண் என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அதே காரணத்துக்காகச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. பக்கத்திலேயே செல்லாஃபீல்டு அணு வளாகம் இருந்ததும், அங்கே 1957-இல் தீவிபத்து நடந்ததும் விவசாயிகளுக்கு மறக்கவில்லை. எல்லாப் பழியும் செர்னோபிலுக்குத்தானா என்று கேட்டார்கள். அதற்கு நேரடியான பதில் கிடைக்காதபோது, அரசு சொன்ன மற்ற எதையும் அவர்கள் நம்பத் தயாராக இல்லை.

விவசாயி சொல்வதெல்லாம் சரி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டாம். கதிரியக்க அளவை அவர்களால் அளக்க முடியாது. ஆனால் ஆடு, புல், மலை, சந்தைக்கு எந்த மாதம் எத்தனை ஆடு இறங்கவேண்டும் என்பதில் அங்கே வந்த நிபுணர்கள் யாரையும்விட அவர்களுக்கு அதிகம் தெரியும். அந்த விவரங்கள் இல்லாமல் கட்டுப்பாட்டை அமல்படுத்த முடியாது.

பொதுவில் இருக்கும் வளத்தை மக்கள் கையில் விட்டால் அழித்துவிடுவார்கள் இல்லையா?

1968-இல் உயிரியலாளர் காரெட் ஹார்டின் அப்படித்தான் வாதிட்டார். ஆளுக்கொரு மாடு கூடுதலாக விடுவார்கள், மேய்ச்சல் நிலம் பாழாகும், ஆகவே ஒன்று அரசு எடுத்துக்கொள்ளவேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள். எலினார் ஆஸ்ட்ரம் உலகெங்கும் பாசனம், மீன்பிடி, காடு, மேய்ச்சல் பற்றிய கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பல சமூகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் தாங்களே விதி போட்டு வளத்தைக் காப்பாற்றியிருப்பதைக் காட்டினார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-இலேயே ஒரு விதி இருந்தது: குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டு வளர்க்க முடிந்த மாடுகளுக்கு மேல் ஒன்றைக்கூட மலை மேய்ச்சலுக்கு அனுப்பக்கூடாது. விதி எளிது, மீறினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். 2009-இல் ஆஸ்ட்ரம் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண். எல்லாக் கிராமமும் இப்படி என்று அவர் சொல்லவில்லை, தோற்ற இடங்களையும் எழுதினார். எந்த நிலையில் நிற்கும், எந்த நிலையில் சரியும் என்ற விவரம்தான் கொள்கை எழுதுகிறவருக்குத் தேவை.

சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் ஆய்வு சொல்லுமா?

இதைச் சொல்லவேண்டியது அதன் கடமை. சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் விஷயம் இது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் வாரன் கவுன்டியில் நச்சு மண்ணைக் கொட்டும் கிடங்கை எதிர்த்து 1982-இல் மக்கள் சாலையில் படுத்தார்கள், 500 பேருக்கு மேல் கைதானார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதி அது. இது தற்செயலா என்ற கேள்வி எழுந்தது. 1983-இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் தென்கிழக்கு மாநிலங்களில் இருந்த நான்கு பெரிய நச்சுக் கிடங்குகளை ஆராய்ந்தது. மூன்றின் சுற்றுவட்டாரத்தில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. 1987-இல் ஒரு கிறித்தவத் திருச்சபையின் நாடு தழுவிய ஆய்வு, கிடங்கு எங்கே அமையும் என்பதோடு வருமானத்தைவிட இனமே அதிகம் பொருந்திப்போகிறது என்றது. 1994-இல் அதிபர் கிளின்டன், எல்லா அரசுத் துறைகளும் சுற்றுச்சூழல் நீதியைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று ஆணையிட்டார். 2025 ஜனவரியில் அந்த ஆணை ரத்துசெய்யப்பட்டது. கண்டுபிடிப்பு பொய்யாகிவிடவில்லை. ஆணை மட்டும் போய்விட்டது.

பிரான்சின் கதை வேறு கோணம். எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தது. காருக்கு மாற்று இல்லாத ஊர்களில் இருந்தவர்களுக்கு அந்த வரி நேராகச் சம்பளத்தில் விழுந்த வெட்டு. அரசு பின்வாங்கியது. வரிப்பணத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் ஏற்பீர்களா என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பிறகு கேட்டபோதும் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். கணக்குப்படி லாபம் அடையக்கூடியவர்கள்கூட தமக்கு நஷ்டம் என்றே நம்பினார்கள். வரியின் வடிவத்தைத் திருத்தினாலும், திருப்பித் தருவார்கள் என்ற நம்பிக்கை இல்லாதவரிடம் அது எடுபடாது. அந்த நம்பிக்கை எவ்வளவு இருக்கிறது என்பதை வரி போடும் முன்னால் அளந்திருக்க முடியும்.

எப்போதும் பொதுமக்களையே ஆராய்கிறார்கள். ஆலைகளையும் அதிகாரிகளையும் ஆராய மாட்டார்களா?

நியாயமான குறை. குடிமகன் எத்தனை நிமிடம் குளிக்கிறார் என்று கணக்கெடுக்கும் ஆய்வுகள் ஏராளம். அனுமதி ஃபைலில் கையெழுத்து எப்படி விழுகிறது என்று பார்ப்பவை சொற்பம். கொள்கை எங்கே கசிகிறது என்று தேடினால் இரண்டாவது இடத்தில்தான் அதிகம் கிடைக்கும்.

குஜராத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே மாசு ஏற்படுத்தும் ஆலைகள் சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கை தரவேண்டும். அப்போது தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்குப் பணம் கொடுத்ததும் ஆலையே. அறிக்கை எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து டஃப்லோ, கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் 473 ஆலைகளில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு பகுதி ஆலைகளுக்குத் தணிக்கையாளர் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார், பணம் பொது நிதியிலிருந்து போனது, அவர் எடுத்த அளவீடுகளில் சிலவற்றை வேறு ஆட்கள் போய் மறுபடி எடுத்தார்கள். பழைய முறையில் இருந்த ஆலைகளின் அறிக்கைகளில் மாசு அளவு வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து கொத்தாக நின்றது. மறு அளவீடு எடுத்தால் நிஜ அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. புதிய முறையில் பொய் அறிக்கை 80 சதவீதம் குறைந்தது, ஆலைகளும் மாசைக் குறைத்தன. சட்டத்தில் வரம்பு மாறவில்லை. தணிக்கையாளரை யார் தேர்ந்தெடுக்கிறார், யார் சம்பளம் கொடுக்கிறார், யார் சரிபார்க்கிறார் என்பது மட்டும் மாறியது. 2015-இல் வாரியம் தணிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் ஏற்பாட்டைத் தன் விதிகளிலேயே கொண்டுவந்தது.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறார்களே, அது போதாதா?

கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள், மைக் முன்னால் பேச முடிந்தவர்கள், ஊரில் யாரையும் பகைத்துக்கொள்ளத் தயங்காதவர்கள் சொன்னதுதான் பதிவாகும். வேலைநாளில் பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்குப் போனவர் வரமாட்டார். கூட்டம் தேவை, அது உரிமை. ஆனால் வராதவர்களைத் தேடிப் போவது ஆய்வின் வேலை.

கூட்டத்தையே ஆய்வு போல நடத்திய ஓர் உதாரணம் கனடாவில் இருக்கிறது. மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் போடும் திட்டத்தை விசாரிக்க 1974-இல் நீதிபதி தாமஸ் பெர்கர் நியமிக்கப்பட்டார். அவர் தலைநகரில் உட்கார்ந்து மனு வாங்கவில்லை. 30-க்கும் மேற்பட்ட வடபகுதி ஊர்களுக்குப் போனார், பூர்வகுடி மக்களை அவரவர் மொழியில் பேசவிட்டார், வேட்டையும் மீன்பிடியும் நிலத்தோடு எப்படிப் பின்னியிருக்கின்றன என்று பொறுமையாகக் கேட்டார். 1977 அறிக்கையில், நில உரிமை தீரும்வரை 10 ஆண்டுகள் குழாய் வேண்டாம் என்றார். சமூகத் தாக்க மதிப்பீடு (ஒரு திட்டத்தால் மக்கள் வாழ்க்கை என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்வது) பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சட்டப்படி அரசு இதைச் செய்தே ஆகவேண்டுமா?

நாட்டைப் பொறுத்தது. 1970 ஜனவரி 1-இல் கையெழுத்தான அமெரிக்கச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், முடிவெடுக்கும்போது இயற்கை அறிவியலையும் சமூக அறிவியலையும் சேர்த்துப் பயன்படுத்தவேண்டும் என்கிறது. 1998-இல் உருவான ஆர்ஹஸ் உடன்படிக்கை, தகவல் பெறவும் முடிவுகளில் பங்கேற்கவும் நீதிமன்றம் போகவும் ஐரோப்பிய மக்களுக்கு வழி திறந்தது. இந்தியாவின் 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது, விலக்குகளும் கூடவே வந்தன. சட்டம் அறிக்கையைக் கேட்கும். அதை யாராவது படித்தார்களா என்று கேட்காது.

அரசே பணம் கொடுத்து நடத்தும் ஆய்வை நம்பலாமா?

பணம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, முடிவு பிடிக்காவிட்டாலும் வெளியிட்டே ஆகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குஜராத் ஆய்வு வாரியத்தோடு சேர்ந்து செய்ததுதான். வாரியத்தின் முறையில் ஓட்டை இருந்ததை அதுவேதான் சொன்னது. அரசுக்குள்ளேயே சமூக ஆய்வாளர்களை ஊழியர்களாக வைத்திருக்கும் பிரிட்டன் போன்ற நாடுகளும் உண்டு. கூட இருப்பவர் சொல்வது அமைச்சர் காதுக்குச் சீக்கிரம் போகும், ஆனால் அவரால் வெளியே வந்து பேச முடியாது. வெளியிலிருந்து வரும் பல்கலைக்கழக ஆய்வாளர் தாராளமாகப் பேசுவார், அறிக்கை வருவதற்குள் கொள்கை அச்சாகியிருக்கும்.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

கணிப்பு சில வாரம். நல்ல கள ஆய்வு ஒரு வருடமாவது. ஒடிசா அடுப்பு ஆய்வை முதல் ஆண்டோடு நிறுத்தியிருந்தால் "திட்டம் வெற்றி" என்று அறிக்கை வந்திருக்கும்.

ஓர் ஆய்வறிக்கை கையில் கிடைத்தால் எதை முதலில் பார்ப்பது?

கேள்வித்தாளை. பின்னிணைப்பில் இல்லையென்றால் அதுவே ஒரு தகவல். "நமது ஆறுகள் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு 96 சதவீதம் ஆமாம் வந்தால், அதற்கு ஆய்வே தேவையில்லை. இதற்காக மாதம் எவ்வளவு கூடுதலாகக் கட்டுவீர்கள், எந்த வசதியை விடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்களா?

அப்புறம் யாரைக் கேட்டார்கள் என்பது. மொத்த எண்ணிக்கை பெரிதாக இருப்பது மட்டும் போதாது. திட்டத்தால் வீடோ தொழிலோ இழப்பவர்கள் அதில் தனியாக எண்ணப்பட்டிருக்கிறார்களா, பெண்களிடம் பெண்கள் பேசினார்களா, வாடகைக்கு இருப்பவரும் பருவத்துக்கு வந்துபோகும் தொழிலாளரும் பட்டியலில் உண்டா? எப்போது கேட்டார்கள் என்பதையும் தேதியோடு பாருங்கள். அரசாணை வந்த தேதிக்குப் பிறகு களப்பணி தொடங்கியிருந்தால், முடிவெடுத்தபோது இந்த அறிக்கை யார் மேஜையிலும் இருந்திருக்க முடியாது.

சாதாரணக் குடிமகன் இதில் என்ன செய்ய முடியும்?

வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திட்டம் வேண்டும், வேண்டாம் என்று எழுதுவார்கள். அதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்து எழுதலாம். இந்த விதி வந்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்ற அனுமானம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அதை எந்த ஊரில், யாரிடம் கேட்டுச் சரிபார்த்தீர்கள்? அமலுக்கு வந்தபின் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் மறுபடி போய்ப் பார்க்க நிதி ஒதுக்கியிருக்கிறீர்களா? தகவல் உரிமைச் சட்டம் இருக்கும் நாடுகளில் கேள்வித்தாளையும், பெயர்களை நீக்கிய தரவையும் கேட்டு வாங்கலாம். முதல் முறை மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.